38 டிகிரிக்கு முன்னும் பின்னும்: 2020 சைபீரிய வெப்பம், ஒரு நிகழ்வு ஆய்வு

2020 ஜூன் 20 அன்று வெர்கோயன்ஸ்க் வானிலை நிலையத்தில் 38.0 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே 115 கிலோமீட்டர் தள்ளி, கிழக்கு சைபீரியாவின் சாகா குடியரசில், யானா ஆற்றங்கரையில் இருக்கும் ஊர்; ஆயிரத்துச் சொச்சம் பேர்தான் அங்கே வாழ்கிறார்கள். உலக வானிலை அமைப்பு ஒன்றரை வருஷம் சரிபார்த்த பிறகு, 2021 டிசம்பரில் இதை ஆர்க்டிக்கின் உச்ச வெப்பம் என்று ஏற்றுக்கொண்டது.

உலகம் முழுக்க அந்த எண்தான் செய்தியானது. எனக்கு அந்த எண்மேல் பெரிய ஈடுபாடு இல்லை. வெர்கோயன்ஸ்க்குக்கு வெயில் ஒன்றும் புதிதில்லை. கடலின் தாக்கம் அதிகம் எட்டாத பள்ளத்தாக்கு என்பதால் குளிரும் அங்கே தேங்கும், வெயிலும் தேங்கும். 1892 பிப்ரவரியில் மைனஸ் 67.8 வரை இறங்கிய ஊர் அது, 1988 கோடையில் 37.3 வரை ஏறியும் இருக்கிறது. பழைய சாதனையைவிட 0.7 டிகிரி கூடுதல், அவ்வளவுதான். அந்த ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொண்டு "எப்போதாவது இப்படி வரத்தான் செய்யும்" என்று யாராவது சொன்னால் மறுப்பது கஷ்டம்.

ஆனால் அதற்கு முந்தைய ஆறு மாதங்களை அப்படித் தள்ளிவிட முடியாது. ஜனவரி முதல் ஜூன் வரை சைபீரியாவின் பெரும்பரப்பில் வெப்பநிலை வழக்கத்தைவிட 5 டிகிரிக்கும் மேல் கூடுதலாக இருந்தது. ஒரு நாள் 5 டிகிரி கூடினால் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். இந்தியாவைவிடப் பெரிய நிலப்பரப்பில் அரை வருஷம் சேர்ந்தாற்போல் கூடியிருப்பது வேறு சங்கதி. தீவிர வானிலையில் காலநிலை மாற்றத்தின் பங்கை ஆராயும் வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன் என்ற விஞ்ஞானிகள் குழு கணக்குப் போட்டுப் பார்த்தபோது, மனிதரால் வந்த வெப்பமாதல் இந்த ஆறுமாத வெப்பத்துக்கான வாய்ப்பைக் குறைந்தது 600 மடங்கு கூட்டியிருக்கிறது, அது இல்லாமல் இப்படி நடப்பது ஏறக்குறைய சாத்தியமே இல்லை என்ற முடிவுக்கு வந்தது.

ஆர்க்டிக்கின் பின்னூட்டங்களைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வருஷத்தைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. வெப்பம் ஒன்றை மாற்றுகிறது, அந்த மாற்றம் திரும்பி வந்து வெப்பத்தைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. பின்னூட்டம் என்பது இதுதான். பாடப்புத்தகங்களில் இதை அம்புக்குறி போட்ட வட்டமாக வரைவார்கள். அந்த வட்டத்தில் மாதம் இருக்காது. எந்த மாதத்தில் பனி போகிறது, எந்த மாதத்தில் கடல் திறக்கிறது என்பதை வைத்துத்தான் பின்னூட்டத்தின் பலமே அமைகிறது என்பது என் வாதம். ஆகவே நாள்காட்டி வரிசையில் போகிறேன்.

குளிர்காலம்

தொடக்கம் ஒரு பின்னூட்டமே கிடையாது. 2019-20 குளிர்காலத்தில் துருவச் சுழல், அதாவது குளிர்காலத்தில் துருவத்துக்கு மேலே உயரத்தில் சுற்றும் காற்று, வழக்கத்துக்கு மாறான பலத்தோடு இருந்தது. குளிர்காற்று துருவத்துக்கு மேலேயே அடைபட்டுக் கிடக்க, அட்லாண்டிக் பக்கமிருந்து மிதமான மேற்குக்காற்று யூரேசியாவுக்குள் நெடுந்தூரம் வீசியது. ஜனவரி முதல் மார்ச் வரை அந்தக் காற்றோட்டத்தை அளக்கும் குறியீடு 1950-க்குப் பிறகு பார்த்திராத உயரத்தில் இருந்தது. அதே சுழல்தான் அந்த வசந்தத்தில் ஆர்க்டிக் வானில் பெரிய ஓசோன் இழப்பையும் உண்டாக்கியது. ரஷ்யாவுக்கு அது பதிவுகளிலேயே மிக வெப்பமான குளிர்காலம். மாஸ்கோவில் புத்தாண்டு அலங்காரத்துக்குச் செயற்கைப் பனியை லாரியில் கொண்டுவந்து கொட்டினார்கள்.

இதைக் காலநிலை மாற்றத்தின் கணக்கில் அப்படியே எழுதிவிட முடியாது. காற்றோட்டம் வருஷத்துக்கு வருஷம் தானாகவே மாறும், அந்த வருஷம் அப்படி அமைந்தது. ஆனால் ஏற்கெனவே சூடேறிய ஒரு பிரதேசத்தின் மேல் அது அமைந்தது என்பதுதான் விஷயம். அப்புறம், அதே காற்று சைபீரியக் கரையை ஒட்டிய கடற்பனியை வடக்கே தள்ளிக்கொண்டே இருந்தது. தள்ளப்பட்ட இடத்தில் புதிதாக உறைந்த பனி மெல்லியது. கோடையில் அதற்கான பலன் தெரிந்தது.

ஏப்ரல், மே

உண்மையான கதை இங்கேதான் இருக்கிறது, செய்திகளில் அதிகம் வராததும் இந்தப் பகுதிதான்.

ஜூன் மாத நடுவில் வட துருவத்துக்கு மேலே வளிமண்டலத்தின் உச்சியில் ஒரு நாளில் வந்து விழும் சூரிய ஆற்றல், அன்றைக்குப் பூமத்தியரேகைக்குக் கிடைப்பதைவிட அதிகம். துருவத்தில் சதுர மீட்டருக்குச் சராசரியாக 520 வாட் அளவில், பூமத்தியரேகையில் 385 வாட் அளவில். சூரியன் தாழ்வாகத்தான் நிற்கிறது, ஆனால் 24 மணி நேரமும் நிற்கிறது. இவ்வளவு ஆற்றல் வந்தும் ஆர்க்டிக் குளிர்ந்தே கிடப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், அதில் பெரும்பகுதி வந்த வழியே திரும்பிப் போய்விடுவது. புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். பனி விலகித் தெரியும் ஈரமண்ணும் பாசியும் 20 சதவீதம் அனுப்பினாலே அதிகம்.

ஆக, நிலப்பனி ஜூன் கடைசியில் போவதற்கும் மே கடைசியில் போவதற்கும் உள்ள வித்தியாசம் வெறும் நான்கு வாரம் இல்லை. வருஷத்திலேயே அதிக வெயில் அடிக்கும் நான்கு வாரம் அது. 2020 வசந்தத்தில் இதுதான் நடந்தது. வெப்பமான ஏப்ரலும் மேயும் பனியைச் சீக்கிரமே கரைத்துவிட்டன. யூரேசிய ஆர்க்டிக்கின் ஜூன் மாதப் பனிப்பரப்பு 54 வருஷப் பதிவில் மிகக் குறைவு.

இன்னொரு விஷயமும் சேர்கிறது. ஒரு கிலோ பனியைக் கரைக்கத் தேவைப்படும் வெப்பத்தை அப்படியே ஒரு கிலோ தண்ணீருக்குக் கொடுத்தால் அது 80 டிகிரி சூடாகும். அதாவது பனி இருக்கும்வரை வருகிற வெயிலில் பெரும்பகுதி அதைக் கரைப்பதிலேயே செலவாகிறது, வெப்பநிலை சுழியத்தைத் தாண்டி அதிகம் நகர்வதில்லை. உலையில் தண்ணீர் இருக்கும்வரை சோறு அடிப்பிடிக்காது, சுண்டிவிட்டால் இரண்டே நிமிஷம், அதே கணக்குத்தான். பனி போன அடுத்த நாளிலிருந்து அத்தனை வெயிலும் மண்ணையும் காற்றையும் சூடாக்கவே வந்துசேர்கிறது.

மண்ணின் ஈரமாவது கொஞ்ச நாள் தாக்குப்பிடித்திருக்க வேண்டும். ஆனால் பனி சீக்கிரம் போனதால் செடிகொடிகள் சீக்கிரம் துளிர்த்து, மண்ணின் ஈரத்தைச் சீக்கிரமே உறிஞ்சி வெளியே விட்டுவிட்டன. ஜூன் வருவதற்குள் மேல்மண் காய்ந்திருந்தது. காய்ந்த மண்ணில் ஆவியாக நீர் இல்லை, ஆகவே வெயில் முழுக்க வெப்பமாகவே காற்றுக்குப் போகிறது.

இந்த நிலையில்தான் ஜூனில் கிழக்கு சைபீரியாவுக்கு மேல் ஓர் உயரழுத்த மண்டலம் வந்து நகராமல் நின்றது. மேகமில்லாத வானம், இறங்கிச் சூடேறும் காற்று. அந்த உயரழுத்தம் எந்த வருஷமும் வரக்கூடியதுதான். அது 2020-ல் வந்து நின்ற இடத்தில் பனியும் இல்லை, ஈரமும் இல்லை. 38 டிகிரிக்குப் பின்னால் இருந்தது இந்தச் சேர்க்கைதான்.

கடல்

கரைக்கு வடக்கே லாப்டெவ் கடல். ஆர்க்டிக்கின் பனித் தொழிற்சாலை என்று இதைச் சொல்வார்கள். இங்கே உறையும் பனி துருவத்தின் குறுக்கே மிதந்து கிரீன்லாந்துப் பக்கம் போகும். குளிர்காலக் காற்று மெல்லிய பனியை விட்டுவைத்திருந்தது, சூடேறிய நிலத்திலிருந்து வெதுவெதுப்பான காற்றும் வந்தது. மெல்லிய பனிக்கு மேல் முதலில் சிறு குட்டைகள் உருவாகும். தூரத்திலிருந்து பார்த்தால் நீலத் திட்டுகள். பனி 60 சதவீத ஒளியைத் திருப்பினால் குட்டை 20 முதல் 40 சதவீதம்தான் திருப்பும், ஆகவே குட்டை தனக்குக் கீழே இருக்கும் பனியைத் தானே அரித்துக்கொண்டு இறங்கும். அது ஓட்டையாகி அடியில் இருக்கும் கடல் தெரிந்துவிட்டால் திரும்பும் ஒளி 6 சதவீதம்தான்.

ஜூலை நடுவிலேயே ரஷ்யக் கரையோர வடக்குக் கடல்வழி திறந்துவிட்டது. மத்திய ஆர்க்டிக்கில் பனியோடு பனியாக மிதந்து ஆய்வு செய்துகொண்டிருந்த ஜெர்மன் கப்பல் போலார்ஸ்டெர்ன் ஆகஸ்ட் 19-ல் வட துருவத்தை அடைந்தது. வழக்கமாகக் கெட்டிப் பனி அடைத்துக் கிடக்கும் பகுதிகளில்கூடப் பெரிய சிரமம் இல்லாமல் வழி கிடைத்தது. செப்டம்பர் நடுவில் மொத்த ஆர்க்டிக் கடற்பனி 37-38 லட்சம் சதுர கிலோமீட்டருக்குச் சுருங்கியது. 2012-ல் பதிவான சுமார் 34 லட்சத்துக்கு அடுத்தபடியாக இரண்டாவது குறைந்த அளவு.

இந்த இடத்தில் ஒரு சின்னப் புகார். வருஷாவருஷம் ஊடகங்கள் செப்டம்பர் எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. செப்டம்பரில் ஆர்க்டிக் சூரியன் அடிவானத்தில் விழுந்துகொண்டிருக்கும். அப்போது பனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒளித்திருப்பில் பெரிய மாற்றம் வராது. செப்டம்பர் எண் கோடையின் மதிப்பெண் பட்டியல், சரி. ஆனால் பரீட்சை நடப்பது ஜூனிலும் ஜூலையிலும்.

செப்டம்பர் எண்ணுக்கு வேறு ஒரு பயன் உண்டு. எவ்வளவு பரப்பில் கடல் வெப்பத்தை உள்வாங்கி வைத்திருக்கிறது என்று அது காட்டுகிறது. கோடையில் கடலுக்குள் போன வெப்பம் அங்கேயே தங்காது. இலையுதிர் காலத்தில் காற்று குளிரும்போது, உறைவதற்கு முன்னால் கடல் அதைக் காற்றுக்குத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். 2020-ல் லாப்டெவ் கடல் அக்டோபர் கடைசி வரை உறையத் தொடங்கவே இல்லை, செயற்கைக்கோள் பதிவுகளில் அதுவரை பார்த்திராத தாமதம். அத்தனை நாளும் அந்தத் திறந்த நீர் கீழிருந்து காற்றைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. கடல் மேல் ஆர்க்டிக் வெப்பமாதல் கோடையைவிட இலையுதிர், குளிர் காலங்களில் அதிகமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். ஜூன் வெயில் நவம்பரில் செலவாகிறது.

கடற்பனியைப் பற்றி மட்டும் பேசினால் பாதிதான் சொன்னதாகும். 1979-க்குப் பிறகு ஆர்க்டிக் உலகச் சராசரியைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடேறியிருக்கிறது. பனியே இல்லாத உலகத்தை வைத்துக் கணினி மாதிரி ஓட்டினாலும் துருவம் ஓரளவு கூடுதலாகவே சூடாகும். வெப்பமண்டலத்தில் சூடான காற்று மேலே ஏறிப்போய் அங்கிருந்து வெப்பத்தை விண்வெளிக்கு விட்டுவிடும். ஆர்க்டிக்கில் தரையை ஒட்டிக் கனத்த குளிர்காற்று படிந்து மூடிபோல் கிடப்பதால், கூடுதல் வெப்பம் மேலே ஏறாமல் தரையோடு தங்கிவிடுகிறது. பல மாதிரிகளில் இந்த விளைவின் பங்கு பனி ஒளித்திருப்பின் பங்கைவிடப் பெரிது. துருவக்கரடிப் படத்துக்கு இது பொருந்தாது, ஆகவே யாரும் சொல்வதில்லை.

தீ

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாகாவின் லார்ச் காடுகளும் அதற்கு வடக்கே தூந்திரப் பரப்பும் எரிந்தன. ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் வளிமண்டலக் கண்காணிப்புச் சேவையின் மதிப்பீட்டில், ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை ஆர்க்டிக் வட்டத்துக்குள் எரிந்த தீக்களால் மட்டும் 24.4 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு வெளியானது. அதற்கு முந்தைய 2019 முழுவதற்கும் 18.1 கோடி டன். 1982 முதல் 2020 வரை சைபீரிய ஆர்க்டிக்கில் எரிந்த மொத்தப் பரப்பில் 44 சதவீதம் 2019, 2020 என்ற இரண்டே வருஷங்களில் எரிந்தது.

எரிந்தது மரம் மட்டும் என்றால் மறுபடி வளர்ந்து கணக்கை நேர்செய்துவிடும் என்று சொல்லலாம். நெருப்பின் பெரும்பகுதி தரையில்தான் இருந்தது, பாசியிலும் முழுதும் மக்காத செடிகொடிகள் ஆயிரக்கணக்கான வருஷமாகச் சேர்ந்த பீட் மண்ணிலும். இந்தப் பாசிப்படலம் கோடை வெயில் கீழே இறங்காமல் உறைநிலத்தை, அதாவது வருஷக்கணக்கில் உறைந்தே கிடக்கும் அடிமண்ணை, காக்கும் போர்வை. அது எரிந்துபோனால் அடுத்து வரும் பல கோடைகளில் உருகும் ஆழம் கூடிக்கொண்டே போகும். தீ அணைந்து வருஷங்கள் ஆன பிறகும் அதன் விளைவு கீழே வேலை செய்கிறது.

எதிர்த்திசையிலும் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். மரம் போன இடத்தில் குளிர்காலப் பனி வெட்டவெளியாகத் தெரியும், அதிக ஒளியைத் திருப்பும், பல வருஷங்களுக்கு அந்த இடத்தைக் கொஞ்சம் குளிரவும் வைக்கும். எந்தப் பக்கம் கனக்கும் என்பது எவ்வளவு ஆழம் எரிந்தது என்பதைப் பொறுத்தது. பீட் எரிந்த இடத்தில் கார்பன் பக்கம்தான் கனக்கும் என்று நினைக்கிறேன்.

நிலத்துக்கு அடியில்

வெர்கோயன்ஸ்க் மாவட்டத்திலேயே பட்டகாய் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பெரும் சரிவுப்பள்ளம் இருக்கிறது. வானத்திலிருந்து பார்த்தால் காட்டுக்கு நடுவே பெரிய தவளைக்குஞ்சு வடிவம். குறுக்காக ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர், தலைப்பக்கச் சுவரின் உயரம் சுமார் 55 மீட்டர். இது தொடங்கியது காலநிலையால் இல்லை. 1960-களில் அங்கே காடு வெட்டப்பட்டது, நிழல் போனது, நிலத்தடிப் பனி உருகி மண் உட்கார்ந்தது. அதற்கப்புறம் யாரும் எதுவும் செய்யத் தேவைப்படவில்லை. சுவர் வெயிலில் உருகிச் சேறாக வழியும், சேறு ஓடிப்போனதும் பின்னால் இருக்கும் புதுப் பனிச்சுவர் வெயிலுக்குத் தெரியும், அதுவும் உருகும். இப்போது வருஷத்துக்குச் சுமார் 10 லட்சம் கன மீட்டர் நிலம் இப்படிக் கரைந்து போகிறது. 40,000 வருஷத்துக்கும் பழைய குதிரைக்குட்டி ஒன்று ரோமம் கலையாமல் 2018-ல் இங்கேதான் கிடைத்தது. சுவரின் அடிப்பகுதி உறைநிலம் சுமார் 6,50,000 வருஷம் பழையது. இடையில் வந்துபோன வெப்பமான காலங்களையெல்லாம் தாங்கிக் கிடந்தது.

பட்டகாயை நிலைமையின் முகமாகக் காட்டுவது ஊடக வழக்கம். ஆனால் அந்தப் பள்ளத்திலிருந்து வருஷத்துக்கு வெளியேறும் கரிமக் கார்பன் 4,000 முதல் 5,000 டன்தான். உலகக் கணக்கில் அது ஒன்றுமே இல்லை. அது முக்கியமாவது உறைநிலம் எப்படிச் சரியும் என்று காட்டுவதால். மேலிருந்து வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர், சென்டிமீட்டர் என்று உருகினால் ஒரு வேகம். பனி அதிகமான மண் ஒரேயடியாக உட்கார்ந்து குட்டையாகி, அந்தக் குட்டை குளிர்காலத்திலும் அடிவரை உறையாமல் கீழே உருக்கிக்கொண்டே போனால் அது வேறு வேகம். பல காலநிலை மாதிரிகளில் முதலாவதுதான் இருக்கிறது.

கணக்கு

வடக்கு உறைநிலப் பகுதியின் மண்ணில் சுமார் ஒன்றரை லட்சம் கோடி டன் கரிமக் கார்பன் இருக்கிறது, வளிமண்டலத்தில் இருப்பதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. இந்த எண்ணை மட்டும் சொல்லி "மீத்தேன் குண்டு" என்று தலைப்புப் போடுகிறவர்கள்மேல் எனக்குக் கோபமே உண்டு. ஐ.நா.வின் காலநிலை விஞ்ஞானக் குழுவான ஐபிசிசியின் ஆறாவது அறிக்கை, உலகம் ஒவ்வொரு டிகிரி சூடாகும்போதும் 2100-க்குள் உறைநிலத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடாக வெளிவரும் கார்பனை 1,800 கோடி டன் என்று மதிப்பிடுகிறது. வரம்பு 310 கோடியிலிருந்து 4,100 கோடி வரை. நாம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து விடுவது வருஷத்துக்குச் சுமார் 1,000 கோடி டன் கார்பன். நூற்றாண்டு முடிவுக்குள் டிகிரிக்கு நம்முடைய இரண்டு வருஷப் புகைக்குச் சற்றுக் குறைவு. 2020-ன் ஆர்க்டிக் தீயும் அப்படித்தான்: அந்த வருஷத்து உலகப் புதைபடிவ எரிபொருள் உமிழ்வில் நூற்றில் ஒரு பங்குகூட வராது.

இதைக் கேட்டு நிம்மதி அடைகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, அந்த மதிப்பீட்டில் திடீர்ச் சரிவும் தீயும் முழுமையாகச் சேரவில்லை. வரம்பு அவ்வளவு அகலமாக இருப்பதிலேயே நமக்குப் பிடிபடாதது எவ்வளவு என்று தெரிகிறது. இரண்டு, நம் புகையை நாம் நிறுத்த முடியும். உறைநிலத்திலிருந்து வருவதை நிறுத்த ஆலையும் இல்லை, சட்டமும் இல்லை. இன்னும் எவ்வளவு கார்பன் வெளியிடலாம் என்று கார்பன் பட்ஜெட் போடும் நாடுகள் இந்தச் செலவை முன்கூட்டியே கழித்துவைக்க வேண்டும். அதை ஒழுங்காகச் செய்யும் அரசு எதுவும் என் கண்ணில் படவில்லை.

எல்லாவற்றையும் காலநிலைமேல் போடுவதிலும் ஆபத்து உண்டு. அதே 2020 மே 29 அன்று சைபீரிய நகரமான நோரில்ஸ்க் அருகே அனல்மின் நிலையத் தொட்டி ஒன்று சரிந்து சுமார் 21,000 டன் டீசல் கொட்டியது. ஆம்பர்னயா ஆறு சிவந்து ஓடிய செயற்கைக்கோள் படம் நினைவிருக்கலாம். உறைநிலம் உருகியதால் அடித்தளம் இறங்கிவிட்டது என்று நிறுவனம் முதலில் சொன்னது. ரஷ்யக் கண்காணிப்பு அமைப்பு பின்னர் விசாரித்ததில் வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் குறைகள் இருந்தது தெரியவந்தது. நிலம் பலவீனமாகிக்கொண்டிருப்பது உண்மைதான், அது தெரிந்தும் தொட்டியைக் கவனிக்காமல் விட்டது வேறு குற்றம்.

அதற்குப் பிறகு

லாப்டெவ் கடல் நவம்பரில் உறைந்துவிட்டது. மெல்லிய பனி குளிர்காலத்தில் தடித்த பனியைவிட வேகமாக வளரும், ஏனென்றால் அதன் வழியே கடல் வெப்பம் வேகமாக வெளியேறும். இது குளிர்விக்கும் திசையில் வேலை செய்யும் பின்னூட்டம், பலமானதும்கூட. 2012-ன் செப்டம்பர் சாதனை 2025 வரை முறியாமல் இருப்பதில் இதற்கும் காற்றோட்ட மாறுபாட்டுக்கும் பங்கு உண்டு. ஒரு மோசமான கோடை நடந்துவிட்டால் எல்லாம் சங்கிலியாகச் சரிந்துவிடும் என்ற பயத்துக்குக் கடற்பனி விஷயத்தில் ஆதாரம் குறைவு. அந்தக் காலத்துச் சராசரி வெப்பம் எவ்வளவோ அதற்கு ஏற்பத்தான் பனி நிற்கும். நிலம் அப்படித் திரும்பாது. உருகி உட்கார்ந்த மண் அடுத்த குளிர்காலத்தில் பழைய உயரத்துக்கு வராது, எரிந்த பீட் மனித ஆயுளுக்குள் சேராது.

2021-ல் சாகா இன்னும் அதிகமாக எரிந்தது, புகை வட துருவம் வரை போனது. அமெரிக்கக் கடல், வளிமண்டல அமைப்பான நோவா வெளியிட்ட 2024-ன் ஆர்க்டிக் அறிக்கை, தீயையும் சேர்த்துக் கணக்கிட்டால் தூந்திரப் பகுதி கார்பனைச் சேமிக்கும் இடமாக இருந்தது மாறி வெளியிடும் இடமாகிவிட்டது என்று பதிவு செய்தது. 2025 மார்ச்சில் குளிர்கால உச்சத்தில்கூடக் கடற்பனி 143 லட்சம் சதுர கிலோமீட்டர்தான், செயற்கைக்கோள் பதிவு தொடங்கியதிலிருந்து அதுவரை மிகக் குறைந்த உச்சம். இனி வரும் வருஷங்களில் செப்டம்பர் எண்ணோடு சேர்த்து யூரேசியாவின் ஜூன் பனிப்பரப்பையும், லாப்டெவ் கடல் உறையத் தொடங்கும் தேதியையும் பாருங்கள். இரண்டுமே பொதுவில் கிடைக்கின்றன.